எத்தனை வயது? எத்தனை நாள்?

பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் கூடாரம் அடித்துத் தங்கிய அனுபவம் உங்களில் சிலருக்கு இருக்கலாம். அங்குத் தங்க அனுமதி பெற வேண்டும். அதற்கென ஒதுக்கப்பட்ட பகுதியில்தான் கூடாரம் அடிக்க வேண்டும். அமெரிக்காவில் முகாம் வாழ்க்கைக்கு இன்னொரு வடிவமும் உண்டு. அங்குப் பலர் கூடாரத்தைச் சுமந்து செல்வதில்லை. வீட்டையே ஓட்டிச் செல்கிறார்கள்.

கட்டில், அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கழிவறை எனச் சிறிய வீட்டில் இருக்கும் எல்லாமே அந்த வண்டிக்குள் இருக்கும். பேருந்தைப் போலத் தானே ஓடும் வண்டிகள் உண்டு. வேறொரு வாகனத்தின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் வண்டிகளும் உண்டு. அமெரிக்கர்கள் இவை அனைத்தையும் 'ஆர்.வி.' என்பார்கள். நாம் 'வீட்டு வாகனம்' என்று வைத்துக்கொள்வோம். வீட்டு வாகனத்தில் வசதியாகத் தங்க வேண்டுமென்றால், அதற்கு மின்சாரம் வேண்டும், குடிநீர் வேண்டும், கழிவுநீரை வெளியேற்ற ஒரு குழாயும் வேண்டும். இவற்றை வழங்கும் இடங்களே முகாம்தளங்கள். தேசியப் பூங்காக்களிலும் மாநிலப் பூங்காக்களிலும் அரசாங்கம் நடத்தும் முகாம்தளங்கள் இருக்கின்றன. தனியார் தளங்களும் ஏராளம். மொன்டானா மாநிலத்தின் பில்லிங்ஸ் நகரில் 1962ஆம் ஆண்டு தொடங்கிய 'கேஓஏ' நிறுவனத்தின் பெயரை அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பயணம் செய்யும் எவரும் பார்க்காமல் இருக்க முடியாது.

தனியார் தளம் ஒன்றைத் தொலைபேசியில் அழைத்து இடம் கேட்டால், அவர்கள் முதலில் சில கேள்விகளைக் கேட்பார்கள். உங்கள் வாகனம் எவ்வளவு நீளம்? அது எந்த ஆண்டில் தயாரிக்கப்பட்டது? எத்தனை பேர் வருகிறீர்கள்? அவர்களுக்கு என்ன வயது? எத்தனை நாள் தங்கப் போகிறீர்கள்? இக்கேள்விகள் சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால், பதிலாக நீங்கள் சொல்லும் எண் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு விதி இருக்கிறது. சில நேரங்களில் ஒரு சட்டமும் இருக்கிறது.

அவ்விதிகள் எப்படிச் செயல்படுகின்றன என்பதைப் புரிந்துகொள்ள, ஒரு பாட்டியைக் கற்பனை செய்துகொள்வோம். அவருக்கு வயது 64. அரிசோனா மாநிலத்தின் மேசா நகரில், 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான தளம் ஒன்றில் தம் வீட்டு வாகனத்தை நிறுத்தி, ஆண்டு முழுவதும் அங்கேயே வாழ்கிறார். வீடு என்று அவருக்கு வேறெதுவும் இல்லை. அவருடைய மகள் கடுமையாக நோய்வாய்ப்படுகிறார். பத்து வயதுப் பேரன் பாட்டியிடம் வந்து சேருகிறான். பேரப்பிள்ளைகள் ஆண்டுக்கு இரண்டு வாரம் மட்டுமே விருந்தினராகத் தங்கலாம் என்பது அத்தளத்தின் விதி. முதல் வாரம் முடிந்துவிட்டது. இரண்டாம் வாரம் முடியும்போது என்ன நடக்கும்?

இதற்கு விடை காண, அமெரிக்க வரலாற்றில் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1968ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் தேதி மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு வாரத்தில், ஏப்ரல் 11ஆம் தேதி, அதிபர் லிண்டன் ஜான்சன் நியாயமான வீட்டுவசதிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இனம், நிறம், சமயம், பூர்வீக நாடு ஆகியவற்றைக் காரணம் காட்டி ஒருவருக்கு வீடு தர மறுப்பதை அச்சட்டம் தடை செய்தது. எனினும், பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு அதில் பாதுகாப்பு இல்லை. 'பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை' என்ற நிபந்தனையோடு வீடுகளை வாடகைக்கு விடுவது அதன் பிறகும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. கைக்குழந்தையுடன் வீடு தேடி அலைந்த தாய்மார்கள் பலர். 1988ஆம் ஆண்டு அச்சட்டம் திருத்தப்பட்டது. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதற்காக வீடு தர மறுக்கக்கூடாது என்ற விதி அப்போதுதான் வந்தது. பெற்றோர் மட்டுமல்லாமல், பெற்றோரின் எழுத்துபூர்வமான அனுமதியுடன் பிள்ளையை வளர்ப்பவரும் இந்தப் பாதுகாப்பைப் பெறுகிறார். நம் பாட்டி இதில் சரியாகப் பொருந்துகிறார்.

அப்படியென்றால் சிக்கல் தீர்ந்துவிட்டதே என்று நினைக்கிறீர்களா? அதே திருத்தம் ஒரு விதிவிலக்கையும் வைத்திருந்தது. முதியோர் அமைதியாக வாழத் தனி இடங்கள் வேண்டும் என்ற கோரிக்கையும் வலுவாகவே இருந்தது. ஆகவே, முதியோருக்கான குடியிருப்புகள் பிள்ளைகளை மறுக்கலாம் என்று சட்டம் அனுமதித்தது. இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில், குடியிருக்கும் அனைவருக்குமே 62 வயது நிறைந்திருக்க வேண்டும். கணவருக்கு 66, மனைவிக்கு 61 என்றால்கூட இடமில்லை. இரண்டாம் வகை சற்றுத் தளர்வானது. ஆள் குடியிருக்கும் இடங்களில் குறைந்தது 80 விழுக்காட்டில், 55 வயது நிறைந்த ஒருவராவது இருந்தால் போதும். வீட்டு வாகனத் தளங்களில் பெரும்பாலும் காணப்படுவது இந்த இரண்டாம் வகைதான். (சிங்கப்பூரிலும் குறுகிய காலக் குத்தகையில் ஈரறை ஃபிளெக்சி வீடு வாங்க 55 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது உங்களுக்கு நினைவுக்கு வரலாம். இரு நாடுகளும் வெவ்வேறு காரணங்களுக்காக அதே எண்ணைத் தேர்ந்தெடுத்திருக்கின்றன.)

80 விழுக்காடு என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு தளத்தில் 200 இடங்களில் ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்று கொள்வோம். அவற்றுள் 160 இடங்களில் 55 வயது நிறைந்த ஒருவராவது இருக்க வேண்டும். மீதி 40 இடங்களுக்கு அந்த நிபந்தனை இல்லை. எதற்காக இந்த இடைவெளி? 58 வயதுக் கணவரும் 49 வயது மனைவியும் ஒரு தளத்தில் வாழ்கிறார்கள்; கணவர் இறந்துவிடுகிறார். இடைவெளியே இல்லையென்றால், துக்க வீட்டில் இருக்கும் அந்தப் பெண்ணை வெளியே போகச் சொல்ல வேண்டியிருக்கும். 20 விழுக்காடு இத்தகையவர்களுக்கு இடமளிக்கிறது. ஆனால், ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த இடங்களை இளையவர்களுக்குத் தரலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. தர வேண்டும் என்று சொல்லவில்லை. மேலும், தளம் தன் முதியோர் தகுதியைக் காக்க விரும்பினால், குடியிருப்போரின் வயதுக்குச் சான்று வைத்திருக்க வேண்டும். குறைந்தது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். அலுவலகத்தில் ஓட்டுநர் உரிமத்தின் நகலைக் கேட்பது இதற்காகத்தான்.

இங்கு நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம். வார இறுதியில் இரண்டு இரவு தங்கும் முகாம்தளமும் 'வீடு' ஆகுமா? பொதுவாக ஆகாது. அது தங்கும் விடுதியைப் போன்றது. ஒருவர் ஓரிடத்தில் எவ்வளவு காலம் தங்குகிறார், அதைத் தாம் திரும்பி வரும் இல்லமாகக் கருதுகிறாரா என்பனவற்றை வைத்தே ஓரிடம் வீடா இல்லையா என்பதை நீதிமன்றங்கள் முடிவு செய்கின்றன. அரிசோனா, டெக்சஸ், ஃபுளோரிடா ஆகிய மாநிலங்களின் தளங்களில் இந்த எல்லைக்கோடு மங்கிவிடுகிறது. வடக்கே பனி கொட்டத் தொடங்கியதும், மின்னசோட்டாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் பணி ஓய்வு பெற்றோர் ஆயிரக்கணக்கில் தெற்கே வந்து, நான்கைந்து மாதம் தங்குவார்கள். வலசை போகும் பறவைகளைப் போல வருவதால், அவர்களைப் 'பனிப்பறவைகள்' என்பார்கள். டெக்சஸ்காரர்கள் அவர்களைக் 'குளிர்கால டெக்சஸ்வாசிகள்' என்று உரிமையோடு அழைக்கிறார்கள். சிலர் 400 சதுர அடிக்கு மேற்படாத, நகர்த்தக்கூடிய சிறு வீடுகளைத் தளத்திலேயே நிரந்தரமாக வைத்துவிடுகிறார்கள். ஏறத்தாழ 37 சதுர மீட்டர். நம் ஊரின் சிறிய ஈரறை வீட்டின் அளவு. அதன் வாசலில் பூந்தொட்டி வைத்து, அண்டை வீட்டாரோடு மாலையில் சீட்டு விளையாடும் ஒருவரை விருந்தினர் என்று சொல்ல முடியுமா?

வயது விதி மனிதர்களுக்கு மட்டும் உரியதன்று, வாகனத்திற்கும் உண்டு. தனியார் தளங்கள் பலவற்றில் '10 ஆண்டு விதி' இருக்கிறது. பத்து ஆண்டுக்கு மேற்பட்ட வாகனத்தை அவை அனுமதிப்பதில்லை. வாகன உரிமைச் சான்றிதழின் பத்து ஆண்டுக் கணக்கை அறிந்த நமக்கு இது புதுமையாகத் தோன்றாது. ஆனால், அமெரிக்காவில் இது அரசாங்கச் சட்டமன்று. தள உரிமையாளர் தாமே வைத்துக்கொள்ளும் விதி. பழைய வாகனத்தின் கூரை ஒழுகலாம். மின்கம்பியும் எரிவாயுக் குழாயும் பழுதடைந்து தீப்பிடிக்கலாம். வாகனங்கள் நெருக்கமாக நிற்கும் இடத்தில் ஒன்று தீப்பிடித்தால் அடுத்ததும் தப்பாது. ஓடாத வாகனத்தை உரிமையாளர் அப்படியே விட்டுவிட்டுப் போனால், அதை அகற்றும் செலவு தளத்தின் தலையில் விழும். இவை நியாயமான காரணங்களே. தளம் அழகாகத் தெரிய வேண்டும் என்பதும் ஒரு காரணம். அதையும் மறைக்கத் தேவையில்லை.

எனினும், ஒரு வாகனத்தின் வயது அதன் நிலையைச் சரியாகச் சொல்லிவிடுமா? 1930களிலிருந்து செய்யப்பட்டு வரும் 'ஏர்ஸ்ட்ரீம்' என்னும் பளபளக்கும் அலுமினிய வண்டிகளில், ஐம்பது ஆண்டைக் கடந்தவையும் கண்ணாடி போல் மின்னுவதுண்டு. மூன்றே ஆண்டில் சீரழிந்துபோன வண்டிகளும் உண்டு. அதனால்தான், பல தளங்கள் பழைய வாகனத்தின் படத்தை அனுப்பச் சொல்கின்றன. படத்தைப் பார்த்துவிட்டு மேலாளர் முடிவு செய்வார். விதியில் 10 என்று இருந்தாலும், உண்மையில் முடிவு செய்வது ஒருவரின் கண்தான்.

நாள் கணக்கைப் பொறுத்தவரை, அரசாங்க நிலங்களில் அடிக்கடி காணப்படும் எண் 14. யோசெமிட்டி தேசியப் பூங்காவை எடுத்துக்கொள்வோம். அங்கு மே 1 முதல் செப்டம்பர் 15 வரையிலான காலத்தில் ஒருவர் 14 நாள் மட்டுமே முகாமிடலாம். அவற்றுள்ளும் 7 நாள் மட்டுமே புகழ்பெற்ற பள்ளத்தாக்குப் பகுதியில் தங்கலாம். ஆண்டு முழுவதற்கும் 30 இரவுதான். அமெரிக்க நில மேலாண்மைப் பணியகத்தின் பொறுப்பில் ஏறத்தாழ 24.5 கோடி ஏக்கர் பொது நிலம் இருக்கிறது. அதில் பெரும்பகுதியில் கட்டணமின்றியே முகாமிடலாம். அங்கும் 28 நாள்களுக்குள் 14 நாள்தான் ஓரிடத்தில் இருக்க முடியும். அதன் பிறகு பெரும்பாலும் 25 மைல், அதாவது ஏறத்தாழ 40 கிலோமீட்டர், தள்ளிப் போக வேண்டும்.

இந்த 14 நாள் விதிக்குக் காரணங்கள் உண்டு. ஒரே இடத்தில் கனமான வாகனம் மாதக்கணக்கில் நின்றால் மண் இறுகிவிடும். அங்குப் புல்கூட முளைக்காது. குப்பையும் கழிவும் சேரும். நல்ல இடங்களைச் சிலரே பிடித்துவைத்துக்கொண்டால் மற்றவர்க்கு வாய்ப்பு இருக்காது. பொது நிலத்தில் ஒருவர் நிரந்தரமாகக் குடியேறிவிடக்கூடாது என்ற எண்ணமும் இதில் இருக்கிறது.

ஆனால், பாலைவனத்திற்கு வந்து குளிர்காலம் முழுவதும் தங்க விரும்பிய முதியவர்களை இரண்டு வாரத்திற்கு ஒருமுறை நகரச் சொல்வது யாருக்கும் பயன் தரவில்லை. ஆகவே, 1983ஆம் ஆண்டு பணியகம் நீண்டகாலத் தங்குமிடங்கள் என்னும் ஏற்பாட்டைத் தொடங்கியது. அரிசோனாவில் குவார்ட்ஸைட் என்ற சிற்றூருக்குத் தெற்கே உள்ள லா போசா அவற்றுள் ஒன்று. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, ஏழு மாதம் அங்குத் தங்கலாம். இதற்கான கட்டணம் பல ஆண்டுகள் 180 அமெரிக்க வெள்ளியாக இருந்தது. கணக்கிட்டால் நாளொன்றுக்கு ஒரு வெள்ளிக்கும் குறைவு. அங்கு மின் இணைப்பு கிடையாது. குடிநீரைப் பொதுக் குழாயில் பிடித்து வர வேண்டும். கழிவுநீரை அதற்குரிய இடத்திற்குக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். இருந்தாலும், குளிர்காலத்தில் அந்தப் பாலைவனம் வெள்ளை வாகனங்களால் நிறைந்து, ஒரு நகரத்தைப் போலக் காட்சியளிக்கும். கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டும்போது, மீண்டும் வெறும் மண்ணும் முட்செடியுமாக மாறிவிடும்.

தனியார் தளங்களில் நாள் கணக்கு வேறொரு காரணத்திற்காக முக்கியமாகிறது. கலிஃபோர்னியா மாநிலச் சட்டம் வீட்டு வாகனத் தளத்தில் தங்குவோரை மூன்று வகையாகப் பிரிக்கிறது. 30 நாள்வரை தங்குபவர் வெறும் தங்குநர். அதற்கு மேல் தங்கினால் அவர் வாடகைதாரர். ஒன்பது மாதம் ஆகிவிட்டால் அவர் குடியிருப்பாளர். காரணம் எதுவும் சொல்லாமலேயே, 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து வாடகைதாரரை வெளியேறச் சொல்லலாம். குடியிருப்பாளரை அப்படிச் சொல்ல முடியாது. சட்டத்தில் பட்டியலிடப்பட்ட காரணங்களுள் ஒன்று இருக்க வேண்டும். நாள் கூடக்கூட உரிமையும் கூடுகிறது. சில தளங்கள் 28 நாளுக்கு மேல் தங்க விடாததன் காரணம் இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். இதற்கு நேர்மாறாக, தெற்கு டகோட்டா மாநிலத்தில், நிலையான வீடு இல்லாமல் பயணம் செய்துகொண்டே இருப்பவர், ஒரே ஓர் இரவு தங்கிய ரசீதைக் காட்டி ஓட்டுநர் உரிமம் பெறலாம். அதற்கு அங்கு ஓர் அஞ்சல் முகவரி இருந்தால் போதும்.

விடுமுறைக்கு வருபவருக்கு இந்த எண்கள் பெரிய தொல்லை அல்ல. 14 நாள் முடிந்தால் அவர் தம் வீட்டிற்குத் திரும்பிவிடுவார். வீட்டு வாகனமே வீடு என்று ஆனவர்களின் நிலை வேறு. 2008ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு, வீட்டையும் சேமிப்பையும் இழந்த முதியவர்கள் பலர் வாகனங்களில் வாழத் தொடங்கினார்கள். ஜெசிகா புரூடர் என்ற செய்தியாளர் அவர்களோடு பயணம் செய்து, 2017ஆம் ஆண்டு 'நோமேட்லேண்ட்' என்ற நூலை எழுதினார். அதைத் தழுவி குளோயி ஜாவ் இயக்கிய திரைப்படம் 2021ஆம் ஆண்டு சிறந்த படத்திற்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. குவார்ட்ஸைட் பாலைவனம் அந்தக் கதையில் முக்கிய இடம் வகிக்கிறது. ஒரே பாலைவனத்தில், ஒரே விதியின்கீழ், பனிப்பறவையும் வீடிழந்தவரும் பக்கத்துப் பக்கத்தில் வாகனத்தை நிறுத்தியிருக்கிறார்கள். ஏப்ரல் 15 இருவருக்கும் ஒரே நாளில்தான் வருகிறது.

இப்போது மேசா நகரப் பாட்டியிடம் திரும்புவோம். அவருக்கு 64 வயது என்பதால், பேரன் சேர்ந்தாலும் அவருடைய இடம் 80 விழுக்காட்டுக் கணக்கில்தான் இருக்கும். எனவே, பேரனை அனுமதித்தால் தளத்தின் முதியோர் தகுதி பறிபோய்விடாது. இதை எடுத்துச் சொல்லி, மகளின் கடிதத்தையும் இணைத்து, கூடுதல் நாள் கேட்டு நிர்வாகத்திற்கு அவர் எழுதலாம். ஆனால், நிர்வாகம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அமைதியை நம்பிப் பணம் கட்டிய அண்டை வீட்டார் மறுப்புத் தெரிவித்தால், அதையும் தவறென்று சொல்லிவிட முடியாது.

மறுத்துவிட்டால், எல்லா வயதினரையும் ஏற்கும் தளத்திற்கு அவர் மாற வேண்டும். நீண்ட காலம் குடியிருக்க இடம் தரும் அத்தகைய தளம், பேரனைக் காரணம் காட்டி அவரை மறுக்க முடியாது. சட்டம் அவர் பக்கம் இருக்கிறது. ஆனால், அவருடைய வாகனத்திற்கு வயது 17. பத்து ஆண்டு விதியைக் காட்டி அதை மறுத்தால், சட்டம் தலையிடாது. பொது நிலத்திற்குப் போகலாம் என்றால், 14 நாளுக்கு ஒருமுறை 40 கிலோமீட்டர் நகர வேண்டும். 62 வயதைக் கடந்தவர் என்பதால், 80 வெள்ளி செலுத்தி வாழ்நாள் முதியோர் அட்டை ஒன்றை அவர் வாங்க முடியும். அரசாங்க முகாம்தளங்கள் பலவற்றில் அதைக் காட்டிப் பாதிக் கட்டணத்தில் தங்கலாம். அங்கும் நாள் கணக்கு உண்டு. பேரனோ ஐந்தாம் வகுப்புக்குப் போக வேண்டியவன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டி வாகனத்தின் வெளிப்புறத்தைச் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவுகிறார். பேரன் ஏணியைப் பிடித்துக்கொள்கிறான். வண்டி காய்ந்ததும், நான்கு பக்கமும் படம் எடுத்து மூன்று தளங்களுக்கு அனுப்பப் போகிறார்கள். அவனுடைய பள்ளி ஆகஸ்ட் மாதம் தொடங்குகிறது.